கண்டியிலிருந்து ஜமெய்க்கா வரை: வண. ஏ. ஜி. பிரேசரின் பணிவாழ்வு

அலெக்சாந்தர் கார்டன் பிரேசர் 1873 இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தார். தந்தை சேர் அன்ட்ரூ பிரேசர் வங்காளத்தின் துணை ஆளுநராக இருந்தவர். மகனும் கிழக்கே வந்தார். ஆனால் அரச பதவிக்கு அல்ல. ஒக்ஸ்போர்டில் படித்து முடித்து, அங்கிலிக்கன் திருச்சபையின் சி.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கத்துக்காக 1900 முதல் மூன்று ஆண்டுகள் உகண்டாவில் பணிசெய்த பின், 1904 இல் கண்டி திரித்துவக் கல்லூரியின் அதிபரானார். அப்போது அவருக்கு வயது 31.

குடியேற்ற நாடுகளில் அங்கிலிக்கன் குருமார் பலர் நீண்டகாலம் அரசின் சம்பளத்திலேயே வாழ்ந்தனர். ஜமெய்க்காவில் 1870 இலும் இலங்கையில் 1880களிலும் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. சி.எம்.எஸ். மிஷனரிமாரின் நிலை வேறு. அவர்களை அனுப்பியதும் பராமரித்ததும் இங்கிலாந்திலிருந்த சங்கமே. பிரேசர் துணிந்து புதுமை செய்ய இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அக்காலக் கண்டி சமயக் கல்விக்குப் பேர்போன ஊர். நகருக்கு அருகே அம்பிட்டிய மலையில், 1893 இல் நிறுவப்பட்ட பாப்பரசர் குருமடத்தில் இயேசு சபையினர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கத்தோலிக்கக் குருக்களை உருவாக்கிக்கொண்டிருந்தனர். திரித்துவத்தின் நோக்கம் குருமாரை உருவாக்குவதன்று. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படித்தனர்.

பிரேசரின் பெரிய செயல் தாய்மொழிக் கல்வியே. ஆங்கிலம் தெரிந்தால்தான் உத்தியோகம் என்றிருந்த காலம் அது. பெற்றோரும் அதையே கேட்டனர். அவரோ சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார். தன் ஊராரோடு அவர்கள் மொழியில் பேச முடியாதவன் அவர்களுக்கு எப்படித் தொண்டு செய்வான் என்பது அவரது நிலைப்பாடு. மாணவர்களின் சமூக சேவைச் சங்கமும் இதே எண்ணத்தில் பிறந்தது. கண்டியின் ஏழைக் குடியிருப்புகளை மாணவர் நேரில் போய்ப் பார்த்தனர். ஆட்சியாளரின் மொழியே பெருமை என்று எல்லாரும் நம்பிய நாளில், ஆட்சியாளரின் இனத்தவர் ஒருவரே இப்படிச் செய்தார் என்பதை மறக்கலாகாது.

கல்லூரிச் சிற்றாலயம் அந்தச் சிந்தனையின் கல் வடிவம். ஆசிரியர் வண. எல். ஜே. காஸ்டர் அதைக் கண்டி அரசர் காலத்து மண்டபப் பாணியில் வரைந்தார். கோபுரமும் கூரிய வளைவும் இல்லை. செதுக்கிய கருங்கல் தூண்கள்மேல் கண்டிக் கூரை. பக்கங்கள் திறந்திருப்பதால் உள்ளே மலைக்காற்று வீசும். 1935 இல் அர்ப்பணிக்கப்பட்ட அவ்வாலயத்தின் சுவர்களில் டேவிட் பெயின்டர் வரைந்த இயேசுவுக்குத் தாடி கிடையாது. முகமும் பின்னணியும் நம் நாட்டுச் சாயலில் உள்ளன.

1919 இல் இந்தியக் கிராமக் கல்வியை ஆராய வந்த மிஷன் ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கிய பிரேசர், 1924 இல் கண்டியை விட்டுப் புறப்பட்டார். மேற்கு ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், ஆளுநர் குகிஸ்பேர்க் தொடங்கிய அச்சிமோட்டாக் கல்லூரிக்கு அவரே முதல் அதிபர். அந்நாட்டு அறிஞர் ஜேம்ஸ் அக்ரேயைத் தம் உதவித் துணை அதிபராக வைத்துக்கொண்டார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஆசிரியர் குழாமில் சமமாக அமர்வது அன்று சாதாரணமல்ல. 1927 இல் கல்லூரி முறைப்படி திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்ரே காலமானார். கண்டியில் போலவே அங்கும் உள்ளூர் மொழிகளுக்கு இடம் கிடைத்தது.

1935 இல் ஆபிரிக்காவிலிருந்து திரும்பிய அவர், ஸ்கொட்லாந்தில் வயதுவந்தோருக்கான நியூபாட்டில் அபேக் கல்லூரியை நடத்தினார். பிறகு கரீபியனுக்குச் சென்று, 1940 முதல் 1943 வரை ஜமெய்க்காவின் ஹைகேட்டில் குவேக்கர் சபையாரின் கல்லூரியில் அதிபராயிருந்தார். அப்போது வயது எழுபதை நெருங்கியிருந்தது.

1962 இல் பிரேசர் காலமானார். அச்சிமோட்டாவில் அவரோடு பணியாற்றிய டபிள்யூ. ஈ. எப். வார்ட் எழுதிய வாழ்க்கை வரலாறு 1965 இல் வெளிவந்தது. ‘திரித்துவத்தினதும் அச்சிமோட்டாவினதும் பிரேசர்’ என்பதே அதன் தலைப்பு; ஜமெய்க்காவுக்கு அத்தலைப்பில் இடமில்லை.