உங்களுக்குத் தெரியுமா? – ஷட்டர் பெட்டியில் அணில் குட்டி

★ ஒரகடம் பக்கம் நெடுநாள் இறக்காத ஷட்டரை இறக்கும் முன் மேல்பெட்டியை ஒருமுறை பாருங்கள். தேங்காய் நாரும் கழிவுப் பஞ்சும் சுருட்டி அணில் கூடு கட்டியிருக்கலாம். உள்ளே முடி முளைக்காமல், கண் திறக்காமல், சுண்டுவிரல் நீளத்துக்குக் குட்டிகள் கிடக்கும்.

★ மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. காயமில்லாத குட்டியை அட்டைப்பெட்டியில் துணி விரித்து, பூனைக்கு எட்டாத உயரத்தில், விழுந்த இடத்துக்கு அருகிலேயே வையுங்கள். ஆள் விலகினால் தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். அணில் பகலில்தான் நடமாடும். பொழுது சாய்ந்தும் வராவிட்டால் குட்டியை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

★ சில்லிட்டுப்போன குட்டிக்கு முதல் தேவை சூடு, பால் பிறகுதான். உடம்பு குளிர்ந்திருக்கையில் ஊட்டினால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைக்கலாம்.

★ பசும்பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். மல்லாத்தி ஊட்டினால் பால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். குப்புற வைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருடினால்தான் சிறுநீர் கழிக்கும். தாய் இதை நாக்கால் செய்யும்.

★ காட்டு முயல் குட்டியோ முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். சிப்காட் காலி மனைப் புல்லில் தனியே அசையாமல் இருந்தால் அநாதை என்று தூக்காதீர்கள். மோப்பம் பிடித்து நாய் வராதிருக்கத் தாய் விலகியே இருக்கும். இருட்டும் வேளையில் வந்து பால் கொடுக்கும்.

★ பெயின்ட் பிரஷ் முடிக்காகக் கொல்லப்படும் கீரி, 2023 ஏப்ரல் 1 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அடிபட்ட கீரியைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வளர்ப்பது குற்றம்.

★ ஒரகடத்தைக் கடக்கும் வாலாஜாபாத் சாலையின் ஒரு முனை வண்டலூர். 1855-ல் சென்னை நகருக்குள் தொடங்கி, 1985-ல் அங்கே இடம்பெயர்ந்தது இன்றைய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. சர்க்கஸிலிருந்து மீட்ட சிங்கங்களுக்கு அங்கே மறுவாழ்வு மையம் உண்டு. அணிலுக்கு அவ்வளவு வேண்டாம். பிறந்த இடத்து மரமே போதும்.

★ வளர்ந்த அணிலைச் சட்டென்று விரட்டிவிடக் கூடாது. கூண்டை மரத்தோடு சேர்த்துக் கட்டி, சில நாள் பழகவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். திறந்த பிறகும் கொஞ்ச நாள் தீனி வைக்க வேண்டும். பெயர் சொன்னதும் ஓடி வரும் அணில் பூனையிடமும் அப்படியே போய் மாட்டும். உங்களைக் கண்டதும் மூலைக்கு ஓடி ஒளிகிறதா? விடுதலைக்குத் தயார்!