முப்பது ஆண்டுக்கு ஓர் இடம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னைவாசிகளுக்கு இரண்டு பெயர்கள் மனப்பாடம். ஒன்று நுங்கம்பாக்கம், மற்றது மீனம்பாக்கம். காலைச் செய்தி இந்த இரண்டு இடங்களின் சென்டிமீட்டர் கணக்கோடுதான் வரும். கொளத்தூரில் முழங்கால் தண்ணீரில் நிற்பவருக்கும் அதே கணக்குதான், ஒரு தூறல்கூட விழாத சோழிங்கநல்லூர்க்காரருக்கும் அதே கணக்குதான். பல பத்தாண்டுகளாகச் சென்னையின் மழை என்று சொல்லப்பட்டது இந்த இரண்டு வளாகங்களில் விழுந்த மழைதான்.

அது எவ்வளவு போதாத கணக்கு என்பதை 2015 காட்டியது. டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை சுமார் 29 செ.மீ. அங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாம்பரத்தில் 49 செ.மீ. அன்று அடையாற்றின் கரைகளை மூழ்கடித்த தண்ணீரில் பெரும்பகுதி நகரத்தின் நடுவில் பெய்ததல்ல. தாம்பரம், செம்பரம்பாக்கம் பக்கம் பெய்து இறங்கி வந்தது. மும்பையின் அனுபவம் இன்னும் கொடுமை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 94 செ.மீ. கொட்டித் தீர்த்தது. தென்முனையில் கொலாபாவில் 7 செ.மீ.தான். கொலாபாவை மட்டும் பார்த்திருந்தால் வழக்கமான ஒரு மழைநாள் என்றே எழுதியிருப்பார்கள்.

ஆகவே நகரத்துக்குள் நிறைய மழைமானிகள் வேண்டும், நிறையக் காற்றுத் தர நிலையங்கள் வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தமிழக அரசும் மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகள், 100 தானியங்கி வானிலை நிலையங்கள் என்று ஒரு பெரிய திட்டத்தைக் கையில் எடுத்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் கருவி வாங்குவது இந்த வேலையில் எளிதான பகுதி. இன்று வைக்கும் மழைமானி 2055-லும் அதே இடத்தில், அதே முறையில் அளந்துகொண்டிருக்குமா என்பதுதான் திட்டமிடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியை டெண்டர் ஆவணங்கள் கேட்பதில்லை.

ஏன் அத்தனை ஆண்டுகள்? வானிலையில் ‘இயல்பு அளவு’ என்பது முப்பது ஆண்டுச் சராசரி. ஐந்தாண்டு ஓடி நின்றுபோன ஒரு நிலையம் நேற்று எவ்வளவு பெய்தது என்று சொல்லியிருக்கும். அந்த மழை இயல்பானதா, அரியதா, அடிக்கடி வரத் தொடங்கியிருக்கிறதா என்று சொல்ல அதனால் முடியாது. வடிகால் எத்தனை அடி அகலம் வேண்டும், பாலம் எத்தனை உயரம் வேண்டும் என்று பொறியாளர் கணக்குப் போட வேண்டுமானால் இந்த மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

நுங்கம்பாக்கத்தின் அருமை இங்கேதான் புரிகிறது. கல்லூரிச் சாலையில் இன்றைக்கு மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகம், 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைக்கேல் டாப்பிங் வான் ஆய்வுக்கூடம் கட்டிய இடம். அந்தக் காலத்துக் கருங்கல் தூண் ஒன்று தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டோடு அங்கே நிற்கிறது. விண்மீன் பார்க்கக் கட்டிய இடத்தில் வெப்பமும் மழையும் குறிக்கும் பழக்கம் வந்தது; தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் காலையில் போய்ப் பார்த்து எழுதிவைத்தார். 2015-ல் ‘இதுவரை காணாத மழை’ என்று எல்லோரும் சொன்னபோது, 1976 நவம்பரில் இதே நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 செ.மீ. பெய்திருக்கிறது என்று எடுத்துக்காட்ட முடிந்தது அந்தப் பதிவேட்டால்தான். தாம்பரத்துக்கோ மணலிக்கோ பெருங்குடிக்கோ அப்படிப்பட்ட நீண்ட நினைவு நம்மிடம் இல்லை. இப்போது தொடங்கினால் நம் பிள்ளைகளுக்காவது இருக்கும்.

இடத்தைக் காப்பாற்றுவது கருவியைக் காப்பாற்றுவதைவிடக் கடினம். மழைமானிக்குப் பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும் என்பது பாலபாடம். காற்றை அளக்கப் பத்து மீட்டர் கம்பம், வெப்பத்தை அளக்க நிழல் தரும் வெள்ளைப் பெட்டி, சுற்றிலும் திறந்த தரை. நெரிசலான நகரத்தில் இதெல்லாம் எங்கே கிடைக்கும்? கிடைக்கவில்லை என்றால் மொட்டைமாடி என்று முடிவாகிவிடுகிறது. மாடியில் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எழும் காற்று மழைத்துளியை மழைமானிக்கு மேலேயே அடித்துக்கொண்டு போய்விடும். பகல் முழுக்கச் சூடேறிய தளம் இரவு வெப்பத்தைக் கூட்டிக் காட்டும். நகர வானிலை ஆய்வின் முன்னோடியான கனடிய அறிஞர் டிம் ஓக் இதற்கு நடைமுறைக்கு ஒத்த வழியைச் சொன்னார். உலக வானிலை அமைப்புக்காக 2006-ல் அவர் எழுதிய வழிகாட்டியின் சாரம் இது: நகரத்துக்குள் புல்வெளி தேடி அலையாதீர்கள், அந்தப் பகுதியின் தன்மையை உண்மையாகக் காட்டும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், சுற்றி என்ன இருக்கிறது என்பதை ஒன்றுவிடாமல் எழுதிவையுங்கள். நான்கு திசையிலும் படம் எடுத்து, பக்கத்து மனையில் ஐந்து மாடி எழுந்தால் அதையும் தேதியோடு குறித்துவைக்க வேண்டும். செலவே இல்லாத வேலை இது. செய்யாமல் விட்டால் பத்தாண்டு கழித்து அந்த எண்களை எந்த ஆய்வாளரும் நம்பமாட்டார்.

சில சமயம் இடம் மாறித்தான் ஆக வேண்டும். டோக்கியோ அதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். ஓட்டேமாச்சியில் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருந்த நிலையத்தை 2014 டிசம்பரில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்திலுள்ள கிதானோமாரு பூங்காவுக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பே மூன்றாண்டுகளுக்கு மேல் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அளந்தார்கள். பூங்காவில் இரவுக் குறைந்தபட்ச வெப்பம் சராசரியாக 1.4 டிகிரி குறைவு என்று தெரியவந்தது. நூறாண்டில் நகரம் எத்தனை டிகிரி சூடேறியது என்று பேசுகிற ஓர் ஆவணத்தில் இது பெரிய வேறுபாடு. அந்த மூன்றாண்டு இரட்டை வேலை இல்லாமல் போயிருந்தால், டோக்கியோ ஒரே இரவில் குளிர்ந்துவிட்டது என்று பதிவேடு பொய் சொல்லியிருக்கும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2012 முதல் 2014 வரை, பள்ளிகளிலும் தெருவிளக்குக் கம்பங்களிலும் கருவிகள் வைத்து நகரத்தின் வெப்பத்தைத் தெருத்தெருவாக அளந்தார்கள். உலகின் மிக அடர்த்தியான நகர வலைப்பின்னல்களில் ஒன்று. ஆய்வு நிதி தீர்ந்தது, வலைப்பின்னலும் ஓய்ந்தது. ஆய்வுக் கட்டுரைகள் கிடைத்தன. நீண்டகாலப் பதிவு கிடைக்கவில்லை. ஆராய்ச்சித் திட்டத்தின் பணத்தில் தொடங்குகிற எந்த வலைப்பின்னலுக்கும் காத்திருக்கும் கதி இது.

பணம் தீர்வதற்கு முன்பே கருவி தோற்றுப்போவதும் உண்டு. தானியங்கி மழைமானிக்குள் ஏற்றப்பலகை போல இருபுறமும் சாயும் சிறு வாளி ஒன்று இருக்கிறது. 0.2 அல்லது 0.5 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து கொட்டும். ஒவ்வொரு சாய்வும் ஓர் எண்ணிக்கை. மேலே புனலில் ஒரு வேப்பிலைக் காம்பு அடைத்துக்கொண்டாலோ, சிலந்தி வலை கட்டினாலோ, காகம் எச்சமிட்டாலோ அடைமழையிலும் வாளி அசையாது. கணினியில் சுழியம் பதிவாகும். பழுது என்று அல்ல, மழை இல்லை என்று! மேகமே உடைந்ததுபோல் கொட்டும்போது வேறொரு தொல்லை: வாளி சாய்ந்து திரும்பும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராது. வெள்ளம் வரும் நாளில்தான் கருவி குறைத்துச் சொல்லும். அதனால்தான் தானியங்கிக்குப் பக்கத்தில் சாதாரண மழைமானி ஒன்றை வைத்து, காலை எட்டரைக்குக் கண்ணாடி அளவியில் ஊற்றிப் பார்க்கும் ஆளை எடுத்துவிடக் கூடாது என்கிறேன்.

காற்றுத் தரத்தில் பராமரிப்பு இன்னும் கடினம். மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, அரும்பாக்கம், ராயபுரம், கொடுங்கையூர், பெருங்குடி எனச் சென்னையில் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிஎம் 2.5 நுண்துகளை அளக்கும் கருவி காற்றை உறிஞ்சி, வடிகட்டி நாடாவில் தூசியைப் படியவைத்து, அதன் வழியே பீட்டா கதிரைச் செலுத்தி எடையைக் கணிக்கிறது. நாடா தீர்ந்தால் மாற்ற வேண்டும், குளிர்சாதனம் ஓட வேண்டும், மின்சாரம் போகக் கூடாது. ஒரு நாளின் தரக் குறியீடு கணிக்கக் குறைந்தது 16 மணி நேர அளவீடு வேண்டும் என்கிறது விதி. இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போனால் அந்த நாள் பதிவிலிருந்து விழுந்துவிடும். விலை மலிவான ஒளிச்சிதறல் கருவிகளைத் தெருவுக்கு ஒன்றாக மாட்டிவிடலாமே என்று கேட்கிறார்கள். மாட்டலாம், ஆனால் சென்னையின் ஈரக்காற்றில் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், கருவி அதையும் மாசாக எண்ணும். முறையான நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்து, கோடையிலும் மழையிலும் ஒப்பிட்டுத் திருத்தாத மலிவுக் கருவியின் எண்ணை நான் நம்பமாட்டேன்.

வானிலையும் காற்றும் தனித்தனித் துறை என்பது நிர்வாகத்தின் பிரிவினை. சென்னையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வருகிறது. இரவில் நிலக்காற்று திரும்புகிறது. மணலி, எண்ணூர் புகைக்கூண்டுகளின் புகை எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதை இதுதான் முடிவு செய்கிறது. 2018 போகி அன்று காலை புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்களே தடுமாறின. எரித்த டயர் எவ்வளவு, அசையாமல் நின்ற காற்று எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, மாசும் காற்றோட்டமும் ஒரே இடத்தில் அளக்கப்பட வேண்டும்.

இடத்துக்கு நான் கைகாட்டுவது மாநகராட்சிப் பள்ளி மைதானங்களையும் குடிநீர் வாரிய நீரேற்று நிலையங்களையும்தான். மின்சாரம் இருக்கிறது, காவலுக்கு ஆள் இருக்கிறார், நிலம் விற்பனைக்கு வராது. ஆனால் தலைமையாசிரியரின் வாய்மொழி அனுமதி போதாது. ‘முப்பது ஆண்டுக்கு இந்த வட்டத்துக்குள் கட்டடம் எழுப்புவதில்லை’ என்ற எழுத்துபூர்வமான ஆணை வேண்டும். ஒப்பந்தத்தில் நிறுவுவதற்கு ஒரு தொகை, ஆண்டுதோறும் துடைப்பதற்கும் அளவு சரிபார்ப்பதற்கும் உதிரிபாகத்துக்கும் தனித் தொகை என்று பிரித்து எழுத வேண்டும். பணம் போதவில்லை என்றால் நூறு நிலையத்தை அறுபதாகக் குறைத்து மிச்சத்தைப் பராமரிப்புக்கு வைத்துவிடலாம். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் காசில்லை என்று நின்ற கதை நமக்கு வேண்டாம். அளவீடுகள் அன்றன்றே பொதுமக்கள் பார்க்கும்படி வெளிவர வேண்டும். கொடுங்கையூரில் வசிப்பவர் தன் பகுதி நிலையம் மூன்று நாளாக வேலை செய்யவில்லை என்று கேட்கத் தொடங்கினால், நாடா மாற்ற ஆள் வந்துவிடுவார்.