நாயகன் வீட்டுப் பிள்ளை

'நாயகன்' படம் பார்க்காத வீடு நம் தோட்டப்புறத்தில் இருக்குமா என்பது சந்தேகம்தான். கொட்டகையில் பார்த்தவர்கள் ஒரு பக்கம், வீடியோ நாடாவை வாடகைக்கு எடுத்து ஒரு வீட்டில் பத்து வீட்டார் கூடிப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், இப்போது கைத்தொலைபேசியில் பார்க்கிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். கேமரன் மலையில் ஹாபு முதல் பிரிஞ்சாங் வரை எந்தப் பையனைக் கேட்டாலும் வேலு நாயக்கர் எப்படி நடப்பார், எப்படி உட்காருவார், எப்படி வெற்றிலை மெல்லுவார் என்று நடித்தே காட்டிவிடுவான்.

அதே பையனிடம், "வேலு நாயக்கருக்கு ஒரு மகன் இருந்தானே, அவன் பெயர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். சற்று யோசிப்பான். தலையைச் சொறிவான். பாதிப் பேருக்குப் பெயர் நினைவிருக்காது.

அவன் பெயர் சூர்யா. இந்தக் கட்டுரை அவனைப் பற்றியதுதான்.

மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' 1987-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்தது. கமல்ஹாசன் வேலு நாயக்கர். சரண்யாவுக்கு அது முதல் படம். ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம், கலை தோட்டா தரணி, இசை இளையராஜா. கமலுக்கும் ஸ்ரீராமுக்கும் தோட்டா தரணிக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. 2005-இல் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை தேர்ந்தெடுத்த உலகின் நூறு சிறந்த படங்களில் இதுவும் ஒன்று. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த சங்கதி. அப்பாவாக நடித்த கமலுக்கு அப்போது வயது 32 என்பதும், மகன் சூர்யாவாக நடித்த 'நிழல்கள்' ரவிக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை என்பதும் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். படம் பார்க்கும்போது அந்த நினைப்பே நமக்கு வருவதில்லை. அது கமலின் கெட்டிக்காரத்தனம்.

கதையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். ஒரு தொழிற்சங்கத் தலைவர். போலீசு தேடுகிறது. அவருடைய சின்ன மகனைப் பிடித்துவைத்து, பிறகு விட்டுவிடுவதுபோல் விட்டு, அவன் பின்னாலேயே போய் அப்பனைச் சுட்டுக் கொல்கிறார்கள். தன்னால்தான் அப்பா செத்தார் என்ற பாரத்தோடு அந்தப் பிள்ளை போலீசுக்காரனைக் குத்திவிட்டு பம்பாய்க்கு ஓடுகிறான். தாராவியில் உசேன் பாய் என்ற ஏழை முஸ்லிம் பெரியவர் எடுத்து வளர்க்கிறார். அந்த வளர்ப்புத் தகப்பனையும் போலீசு இன்ஸ்பெக்டர் கேல்கர் லாக்கப்பில் கொன்றுவிடுகிறான். வேலு கேல்கரை நடுத்தெருவில் கொல்கிறான். பார்த்த கூட்டத்தில் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை. அன்றைக்கு வேலு, நாயக்கர் ஆகிவிட்டான்.

இதுவரைக்கும் நம் மனம் முழுக்க வேலுவோடுதான் நிற்கிறது. சங்கம் வைத்துக் கூலி கேட்டவன் பட்ட பாட்டை நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? அந்தப் பிள்ளையின் கோபம் நமக்குப் புரிகிறது. வேறு வழியில்லாமல் போனான், சரி என்கிறோம்.

சூர்யாவின் கதை அப்படியல்ல. அங்கேதான் இந்தப் படம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது.

தாய் நீலாவை எதிரிகள் கொன்ற பிறகு வேலு தன் இரண்டு பிள்ளைகளையும் பம்பாயில் வைத்துக்கொள்ளாமல் மதராசுக்கு அனுப்பிவிடுகிறார். நல்ல தகப்பன் செய்கிற காரியம்தான். கத்தியும் இரத்தமும் கண்ணில் படாமல் படித்து முன்னேறட்டும் என்று நினைக்கிறார். பிள்ளைகள் வளர்ந்து திரும்பி வருகிறார்கள். சூர்யாவுக்குப் பசி இல்லை, ஓடி ஒளிய வேண்டிய நிலை இல்லை, அவன் அப்பாவை யாரும் சுடவில்லை. வேலுவை அந்தத் தொழிலுக்குத் தள்ளிய காரணங்களில் ஒன்றுகூட மகனுக்கு இல்லை. இருந்தும் அவன் உள்ளே போகிறான்.

ஏன் போனான்? அவனைக் கட்டாயப்படுத்தி இழுத்ததாகப் படம் காட்டவில்லை. வீட்டுக்கு வந்தான், பார்த்தான். அப்பா வந்தால் ஊரே எழுந்து நிற்கிறது. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் ஆசுபத்திரிக்கு வண்டி வருகிறது, அதிகாரி பணிகிறான், ஏழை கைகூப்புகிறான். இப்படி ஒரு வீட்டில் வாலிபப் பிள்ளை பட்டப்படிப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அப்பாவின் வலது கையான செல்வம் அவனைப் பழக்குகிறார். செல்வத்திடமும் கெட்ட எண்ணம் கிடையாது. பெரியவர் வீட்டுப் பிள்ளை, தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்ற பாசம்தான். கிராணி மகன் அப்பாவோடு ஆபீசுக்குப் போவதுபோல, கங்காணி மகன் பெரட்டுக் களத்தில் அப்பாவுக்குப் பின்னால் நிற்பதுபோல, இவனும் நின்றான். தொழில் வேறு, அவ்வளவுதான்.

பிறகு அப்பாவைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சாட்சியத்தை அழிக்கப் போகிறான். காரியம் கெட்டுப்போய், அந்த விபத்தில் சாகிறான். நாயக்கர் மகனின் உடலைப் பார்த்து அழும் காட்சியை மறக்க முடியாது. அன்று கொட்டகையில் அழாத தாய்மார்கள் குறைவு. ஆனால் அடுத்த நாள் காலையில் பையன்கள் பேசியது அந்த அழுகையைப் பற்றியா? இல்லை. அப்பாவின் நடையைப் பற்றி.

இங்கே இந்தப் படத்தின்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சூர்யா எப்படி மனம் மாறினான், முதல் தடவை கை நடுங்கியதா, தங்கையிடம் பொய் சொன்னானா என்பதற்கெல்லாம் படத்தில் இடமே இல்லை. ஒரு தலைமுறையே கெட்டுப்போகிற கதையைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிறார்கள். அமெரிக்கப் படமான 'காட்பாதர்' (1972) இதில் கை தேர்ந்தது. அங்கே கடைசி மகன் மைக்கேல் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டு மெடல் வாங்கியவன். குடும்பத் தொழில் எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கி நின்றவன். அப்பாவைச் சுட்டுவிட்டார்கள் என்றதும், ஆசுபத்திரியில் காவலுக்கு ஆளில்லாமல் கிடக்கும் அப்பாவைப் பார்த்ததும், ஒவ்வொரு படியாக இறங்குகிறான். ஓர் உணவுக் கடையில் இரண்டு பேரைச் சுட்டபிறகு ஏறி வர வழியில்லை. மூன்று மணி நேரமும் அந்த மகனின் கதைதான். அப்பாவின் மேல் உள்ள அன்புதான் அவனைக் கெடுத்தது. நம் படத்தில் அப்பாவே நாயகன். ஆகவே மகன் ஓரமாகிவிட்டான். மணிரத்னமும் இதை உணர்ந்தாரோ என்னவோ, 2018-இல் 'செக்கச் சிவந்த வானம்' எடுத்தபோது தாதா ஒருவரின் மூன்று மகன்கள் அப்பாவின் நாற்காலிக்காக ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வதை முழுப் படமாகவே எடுத்தார். 2025-இல் மறுபடியும் கமலோடு சேர்ந்து 'தக் லைஃப்' எடுத்தபோதும், தாதாவும் அவர் எடுத்து வளர்த்த பிள்ளையும்தான் கதை.

வேலு நாயக்கர் கற்பனை என்றாலும் நிழலுக்கு ஓர் ஆள் இருந்தார். வரதராஜ முதலியார். தமிழகத்திலிருந்து பம்பாய்க்குப் போய், ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்து, கள்ளச்சாராயத்தில் காசு பார்த்து, தாராவித் தமிழர்கள் பஞ்சாயத்துக்கு வந்து நிற்கும் அளவுக்குப் பெரிய ஆளானார். மாட்டுங்காவில் அவர் போட்ட பிள்ளையார் சதுர்த்திப் பந்தல் பம்பாய் முழுக்கப் பேர் பெற்றது. எண்பதுகளின் நடுவில் போலீசு நெருக்கியதும் தொழில் சரிந்தது. மதராசுக்கு வந்து 1988 சனவரியில் காலமானார். படம் வெளியாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏழைகளுக்குச் செய்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் விற்ற சாராயத்தைக் குடித்ததும் ஏழைகள்தானே என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வியைப் படம் அதிகம் கேட்கவில்லை.

சரி, பம்பாய்க் கதை நமக்கெதற்கு?

ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, பிறகு வீடமைப்புத் திட்டங்களாகி, நம் சனங்கள் லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு பட்டணத்து ஓரங்களுக்குப் போன கதையை இன்னொரு படம் சொல்கிறது. 2015 டிசம்பரில் வந்த 'ஜகாட்'. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல்லை நம்மவர்கள் வாயில் உருட்டி 'ஜகாட்' ஆக்கினோமே, அதுதான் தலைப்பு. கெட்டவன் என்று பொருள். தொண்ணூறுகளில் நடக்கிற கதை. அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். அப்பா மணியம் நேர்மையான உழைப்பாளி. தான் பட்ட கஷ்டம் மகன் படக்கூடாது, படித்து ஆளாக வேண்டும் என்பதற்காக அடி பின்னுகிறவர். சித்தப்பன்மார்களில் ஒருவர் போதைக்குப் பலியானவர். இன்னொருவருக்கு மெக்சிகோ என்று பட்டப்பெயர், குண்டர் கும்பலில் இருப்பவர். பையனுக்கு எந்த வீட்டு நிழல் குளிர்ச்சியாகத் தெரியும், சொல்லுங்கள்? அடிக்கிற அப்பாவா, தோளில் கைபோட்டுச் சிரிக்கிற சித்தப்பாவா?

இந்தப் படம் 2016-இல் இருபத்தெட்டாவது மலேசியத் திரைப்பட விழாவில், எல்லா மொழிப் படங்களோடும் போட்டியிட்டு, சிறந்த மலேசியத் திரைப்பட விருதை வென்றது. தமிழ்ப் படத்தைத் தனி வகையில் ஒதுக்கலாமா என்று அந்த ஆண்டு எழுந்த சர்ச்சையில், மலாய்க் கலைஞர்கள் சிலரே அது தவறு என்று குரல் கொடுத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

'நாயகன்' தாதாவை அண்ணாந்து பார்க்க வைத்தது. 'ஜகாட்' ஒரு சிறுவன் கண் மட்டத்தில் நின்று பார்க்கிறது. அங்கிருந்து பார்த்தால் தாதாவும் பயந்தவன்தான், கடன்காரன்தான், மேலே உள்ள 'தலை'க்குக் கைகட்டி நிற்பவன்தான். என்னைக் கேட்டால், நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் இரண்டாவதுதான்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2013 ஆகஸ்டில் நம் உள்துறை அமைச்சு 49 இரகசியக் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. அவற்றில் சுமார் 40 ஆயிரம் உறுப்பினர்கள் என்றும், பத்துப் பேரில் ஏழு பேர் இந்தியர்கள் என்றும் கணக்குச் சொன்னார்கள். நாட்டு மக்கள் நூறு பேரில் நாம் ஏழு பேர். அந்தக் கும்பல்களிலோ நூற்றுக்கு எழுபது. இந்தக் கணக்கைப் படித்த அன்று நம்மவர்கள் பலருக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

நம் மலையில் குளிர் அதிகம், கும்பல் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம். தானா ராத்தா சின்ன ஊர். யார் வீட்டுப் பிள்ளை யாரோடு நிற்கிறான் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். ஆனால் பிள்ளைகள் இங்கேயேவா இருக்கிறார்கள்? கொழுந்து மலையில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இயந்திரக் கத்திரிகளும்தான் அதிகம். நம் பிள்ளைகள் படிவம் ஐந்து முடித்ததும் தாப்பா சாலையில் இறங்கிவிடுகிறார்கள். ஈப்போ, கிள்ளான், கோலாலம்பூர், சிங்கப்பூர். அங்கே வாடகை அறையில் தங்கி, வேலை தேடி, முதல் மாதச் சம்பளத்துக்கு முன் கைச்செலவுக்குக் காசில்லாமல் நிற்கும்போது "நம்ம ஆளுடா, ஊர்க்காரன்" என்று ஒரு அண்ணன் வருவார். சாப்பாடு வாங்கிக் கொடுப்பார். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக் கொடுப்பார். யாராவது சீண்டினால் வந்து நிற்பார். கத்தியைப் பற்றிய பேச்சே இருக்காது. பிறகொரு நாள் ஒரு பொட்டலத்தை இந்த இடத்தில் கொடுத்துவிட்டு வா என்பார். சாப்பாடு வாங்கிக் கொடுத்தவரிடம் முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? கும்பலைச் சேர்ந்தவன் செத்தால் சவ ஊர்வலத்தில் எண் போட்ட கொடி பிடித்து, மோட்டார் சைக்கிள்களில் படையாகப் போகிறார்களே, அதையும் சின்னப் பையன்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். செத்தவனின் தாய் எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர்கள் பார்ப்பதில்லை.

மறுபடியும் 'நாயகன்' படத்துக்கு வருகிறேன். அந்த வீட்டில் சூர்யாவைத் தவிர இன்னொரு பிள்ளையும் உண்டு. மகள் சாருமதி. அதே தாய், அதே மதராசுப் படிப்பு, அதே வீட்டு வாசல். ஊர் எழுந்து நிற்பதை அவளும்தான் பார்த்தாள். ஆனால் அண்ணன் செத்தபோது அவள் அப்பாவை நேருக்கு நேர் நின்று கேட்டாள். அம்மாவைக் கொன்றது யார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் கொன்றார்கள் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். கேட்டுவிட்டு வீட்டை விட்டே போய்விட்டாள். அன்றைய பத்திரிகைகள் கமலைப் பற்றி எழுதிக் குவித்தன. அந்தப் பெண்ணாக நடித்த கார்த்திகாவைப் பற்றி யாரும் அதிகம் எழுதக் காணோம்.

இன்னொரு பிள்ளையும் இருக்கிறான் அந்தக் கதையில். வேலு கொன்ற இன்ஸ்பெக்டர் கேல்கரின் மகன் அஜித், மன வளர்ச்சி குன்றியவன். குற்றம் உறுத்தி, வேலு அந்தக் குடும்பத்துக்கு வருடக்கணக்காக உதவி செய்கிறார். கடைசியில் சாட்சி இல்லை என்று கோர்ட்டு நாயக்கரை விடுதலை செய்து அனுப்புகிறது. வெளியே சனம் கூடி நிற்கிறது. அங்கே வைத்து அவரைச் சுட்டுக் கொல்பவன் அந்த அஜித்தான். போலீசு சுட்ட ஒரு தகப்பனின் மகனாகத் தொடங்கியவர், தான் கொன்ற ஒரு தகப்பனின் மகன் கையால் முடிகிறார். நடுவில் சொந்த மகனைப் பறிகொடுத்துவிட்டார்.

மகள் எங்கே போனாள் என்று நாயக்கருக்குப் பல வருடங்கள் தெரியாது. தன்னைப் பிடிக்க வந்திருக்கும் புதிய போலீசு அதிகாரியின் வீட்டுக்கு ஒரு நாள் போகிறார். அந்த வீட்டில் அதிகாரியின் மனைவியாக நிற்பது சாருமதி.