12,672 படங்களும் ஒரு மென்பொருளும்
துணிக்கைகள் மோதும்போது என்ன நிகழும் என்பதைக் கோட்பாட்டிலிருந்து கணிக்க விரும்பும் பௌதிகவியலாளர், முதலில் ரிச்சர்ட் ஃபைன்மன் வகுத்த முறைப்படி படங்கள் வரைகிறார். ஒவ்வொரு கோடும் சந்தியும் ஒரு கணிதக் கோவையைக் குறிப்பதால், எல்லாப் படங்களின் கோவைகளையும் கூட்டினால்தான் விடை கிட்டும். துல்லியம் கூடக்கூட, மூடிய வளையங்கள் மிகுந்த படங்களையும் சேர்க்க வேண்டியுள்ளது. உதாரணமாக, இலத்திரனின் காந்தத் திருப்புதிறனுக்கான முதல் திருத்தத்தை ஜூலியன் ஷ்விங்கர் 1948இல் வெளியிட்டார். ஒரே வளையமுள்ள அதற்குரிய படம் ஒன்றே. வளையங்கள் இரண்டானால் 7, மூன்றானால் 72, நான்கானால் 891, ஐந்தானால் 12,672 எனப் படங்கள் பெருகுகின்றன.

ஒரே படத்திற்குள்ளும் சுமை குறைவன்று. டிராக் தாயங்கள் எனப்படும் எண்சதுரங்களைப் பெருக்கி, மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டும் படி அடிக்கடி வரும்: நான்கு தாயங்களுக்கு விடைக் கோவையில் 3 உறுப்புகளும், எட்டுக்கு 105உம், பன்னிரண்டுக்கு 10,395உம் விளையும். இந்த உறுப்புகள் எண்கள் அல்ல, குறியீடுகள். ஆகவே எண்களை மட்டும் கையாளும் சாதாரண நிரல் இங்கு உதவாது.

இந்தத் தேவைக்காகவே டச்சுப் பௌதிகவியலாளர் மார்ட்டினஸ் வெல்ட்மன் 1963இல் குறியீட்டு இயற்கணிதத்துக்கான 'ஸ்கோன்ஸ்கிப்' என்னும் நிரலை எழுதினார். பிற்காலத்தில், 1999இல், நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே. ஸ்கோன்ஸ்கிப்பின் வழியில் ஆம்ஸ்டர்டாமின் நிக்கெஃப் நிறுவனத்தைச் சேர்ந்த யோஸ் வெர்மாசெரன் 1989இல் வெளியிட்ட 'ஃபோர்ம்', கோவை முழுவதையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏற்றாமல், உறுப்பு உறுப்பாக எடுத்து விதிகளைப் பிரயோகித்து, இடம் போதாதபோது வட்டில் எழுதி, பின்னர் வரிசைப்படுத்தி ஒத்த உறுப்புகளைச் சேர்க்கிறது. தூய நூலகப் பணிபோல் தோன்றும் இந்த வரிசைப்படுத்தலே அதன் உண்மையான வலிமை.

இயற்கணிதத்துக்கு ஃபோர்ம், படங்களை உருவாக்க 'கியூகிராஃப்', கோவைகளில் வரும் எண்ணற்ற தொகையீடுகளைச் சில அடிப்படைத் தொகையீடுகளாகக் குறைக்க வேறு நிரல்கள் எனப் பணி பிரிந்துள்ளது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் வி. ரவீந்திரன் குழுவினர், சூரிக்கின் தாமஸ் கெர்மன் உள்ளிட்டோருடன் 2015இல் மூன்று வளையங்கள் வரை செய்த ஹிக்ஸ் வகைத் துணிக்கை பற்றிய கணிப்பொன்று இத்தகைய கருவிகளின் துணையுடனேயே நிறைவேறியது.

தானியக்கம் வேகத்துக்காக மட்டும் என்று எண்ணுவது தவறு. பௌதிகவியலாளர் கினோஷிட்டாவின் குழுவினர் 2007இல் நான்கு வளையக் கணிப்பின் 891 படங்களில் 518ஐ, தானே நிரல் எழுதும் மென்பொருளால் மீண்டும் கணித்தபோது, முந்தைய கணிப்பின் பிழை வெளிப்பட்டு, இலத்திரனின் காந்தத் திருப்புதிறனுக்கான கோட்பாட்டு மதிப்பே திருத்தப்பட்டது.

ஃபோர்மின் மூலநிரல் 2010 முதல் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. மன்னாரில் உயர்தரத்தில் இணைந்த கணிதம் கற்கும் மாணவரும் தம் மடிக்கணினியில் பன்னிரண்டு தாயங்களின் அந்த 10,395 உறுப்புகளை நொடியில் விரித்துப் பார்க்கலாம்.