காலிமனைகளில் விளையாடிய நகரம்

கட்டடக்கலை பயிலும் மாணவர் கையில் எடுக்கக்கூடிய வடிவமைப்புப் பணிகளுள் பொது விளையாட்டிடம் எளிதான ஒன்றாகவே தோன்றும். அதற்குக் கூரை வேண்டியதில்லை, படிக்கட்டு வேண்டியதில்லை, குழாயும் மின்கம்பியும் செல்லும் வழியைப் பற்றிய கவலையும் பெரிதாக இல்லை. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் ஒரு வேலிக்குள் அடுக்கி, மீந்த இடத்தில் புல் வரைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணத் தோன்றுவதும் அதனால்தான். விளையாட்டுப் பொருளை வாங்கி வைப்பது வேறு, விளையாட்டுக்கு இடங்கொடுக்கும் வெளியை ஆக்குவது வேறு என்பதைப் படிப்பு முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த ஆல்டோ வான் ஐக் என்னும் டச்சு இளைஞர் 1947 தொடங்கி ஆம்ஸ்டர்டாம் நகரின் சிறு சிறு மனைகளில் செய்துகாட்டினார். 1978 வரை நீண்ட அப்பணியில் 700க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் உருவாயின.

வான் ஐக் 1918இல் நெதர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தில் கட்டடக்கலை கற்றவர். வகுப்பறையில் கற்றதற்கு நிகராக, அந்நகரின் கலைவட்டத்தில் அவர் பழகி அறிந்தவையும் பின்னாளைய பணிக்கு உதவின. ஆர்ப், பிரான்குசி முதலிய சிற்பிகள் கல்லை எதனுடைய உருவமாகவும் செதுக்காமல், உருண்டும் திரண்டும் கிடக்கும் தூய வடிவமாகவே நிறுத்தியது அவர் கண்ணில் ஆழப் பதிந்திருந்தது. மையம் என்று எதையும் உயர்த்தாமல், ஓவியத்தின் ஒவ்வொரு பகுதியும் மற்றொன்றை எதிர்த்து நின்று சமநிலை கொள்ளும்படி தீட்டிய மோந்திரியானின் முறையும் அவ்வாறே அவருக்குள் தங்கியது. மணல் அள்ளி விளையாடும் பிள்ளைகளுக்கும் இத்தகைய நவீன ஓவியத்துக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றலாம். அவ்வுறவு முதல் விளையாட்டிடத்திலேயே வெளிப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்து ஆம்ஸ்டர்டாமில் பிறப்புகள் பெருகிக்கொண்டிருந்தன. வீடுகளோ குறைவு, இருந்தவையும் நெருக்கமானவை. போருக்கு முன்பும் அங்கே விளையாட்டிடங்கள் இருந்தன என்றாலும் அவற்றுட் பல சங்கங்களின் பொறுப்பில் வேலியிட்டு நடத்தப்பட்டவை, உறுப்பினர் வீட்டுக் குழந்தைகளுக்கே உரியவை. எந்தப் பிள்ளையும் எந்த நேரத்திலும் நுழையக்கூடிய இடம் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் வேண்டும் என்னும் எண்ணம் நகராட்சியின் பொதுப்பணித் துறையில் எழுந்தபோது, அங்கே பணியாற்றிய யாகோபா முல்டர் என்னும் நகரமைப்பாளர் அதனை முன்னெடுத்தார்; வரையும் பொறுப்பு, அப்போது 30 வயதைக்கூட எட்டியிராத வான் ஐக்கிடம் வந்தது.

1947இல் பெர்டெல்மன்பிளெய்ன் என்னும் சிறிய சதுக்கத்தில் முதல் விளையாட்டிடம் அமைந்தது. மரங்களும் ஐந்து இருக்கைகளும் ஓரங்களில் வரிசைகொண்ட அச்சதுக்கத்தில், மணல்தொட்டியை நடுவில் வைப்பதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி; வான் ஐக் அதை ஒரு மூலைக்கு ஒதுக்கி, அதற்கு எதிர்மூலையில் குட்டிக்கரணம் போடுவதற்கான மூன்று கம்பிச் சட்டங்களை நட்டார். நடுவிடம் வெறுமையாயிற்று. அந்த வெறுமை வீணான இடமன்று. ஓடிப்பிடிக்கவும், பந்தடிக்கவும், கோடு கிழித்து நொண்டியாடவும் ஏற்ற திடல் அது. மணல்தொட்டிக்குள் நான்கு உருண்டைக் கற்களும் வளைவான ஒரு கம்பிச் சட்டமும் இருந்தன. தொட்டியின் விளிம்பை அவர் அகலமாக அமைத்ததால், குழந்தை மணலில் அளைந்துகொண்டிருக்கும்போது தாயோ பாட்டியோ அதன்மேல் அமரலாம், வளர்ந்த பிள்ளைகள் அதன்மீதே நடந்து சுற்றலாம், மணலில் சுட்ட பணியாரங்களை அதன்மேலேயே கடைபரப்பலாம். தமிழ் வீடுகளின் திண்ணையைப் போல, உட்காரவும் நடக்கவும் பொருள் வைக்கவும் ஒருங்கே பயன்பட்ட விளிம்பு அது.

சதுக்கத்தைப் பார்த்துவிட்டுச் சென்ற அண்டைத் தெருவார், தங்கள் பகுதியிலும் இன்ன இடம் சும்மா கிடக்கிறது, அங்கும் ஒன்று அமைத்துத் தருக என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதலாயினர். இக்கதையில் கட்டடக்கலைஞரின் திறமைக்குச் சற்றும் குறையாத சிறப்புடையது இந்த நடைமுறை. நகரம் முழுவதற்கும் ஒரே மூச்சில் திட்டம் தீட்டி மேலிருந்து இறக்காமல், குடியிருப்போர் சுட்டிக்காட்டும் இடத்தைச் சென்று அளந்து, அதன் கோணல் மாணலுக்கு ஏற்ப ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைந்தனர். வீடு, வேலை, ஓய்வு, போக்குவரத்து என நகரத்தை நான்கு செயல்பாடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் கொள்கை அன்று நகரமைப்பில் மேலோங்கியிருந்தது. அதைப் பரப்பிய உலகளாவிய நவீனக் கட்டடக்கலை மாநாட்டமைப்பின் தலைவராக நெடுங்காலம் இருந்த கோர்னேலிஸ் வான் ஈஸ்டரென் பணிசெய்த அதே துறையிலிருந்து, ஓய்வைத் தனிப் பகுதிக்கு அனுப்பாமல் தெருமுனைக்கே கொண்டுவந்து சேர்க்கும் வேலை நடந்தது என்பது சுவையான முரண்தான்.

பழைய நகரின் உட்பகுதியில் அமைந்தவற்றுக்கு வேறொரு பின்னணியும் உண்டு. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ஆம்ஸ்டர்டாமின் யூதர்களுட் பெரும்பாலோர் நாடுகடத்திக் கொல்லப்பட்டனர். ஆளற்ற அவர்களின் வீடுகளிலிருந்து உத்தரங்களையும் படிகளையும், 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் உறைந்துபோன மக்கள் விறகுக்காகப் பெயர்த்தெடுத்தனர். தாங்குவதற்கு மரமின்றி அவ்வீடுகள் சரிந்தன. இரு பக்கமும் வீடுகளின் பக்கச்சுவர்கள் நிற்க, நடுவில் பல் விழுந்த ஈறுபோல் கிடந்த இத்தகைய காலிமனைகள் சிலவற்றில் வான் ஐக்கின் மணல்தொட்டிகள் வந்தமர்ந்தன. 1954இல் டைக்ஸ்ட்ராட் தெருவில் அமைந்த விளையாட்டிடம் இவ்வாறு இரு வீடுகளுக்கு இடையிலான குறுகிய மனையில் எழுந்ததே.

உருவங்களைப் பற்றி வான் ஐக் கொண்டிருந்த உறுதி தனியே கவனிக்கத்தக்கது. தும்பிக்கையே சறுக்குமரமாக நீளும் சிமெண்டு யானை தமிழ்நாட்டுப் பூங்காக்களுக்கும் புதிதன்று. அவர் அத்தகையவற்றை முற்றிலும் விலக்கினார். யானை என்று முன்பே முடிவான பொருள் குழந்தையின் கற்பனைக்கு வேலை வைப்பதில்லை என்பதும், நகரத்துத் தெருவில் இருக்கையும் விளக்குக் கம்பமும் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றனவோ அவ்வளவு இயல்பாக விளையாட்டுப் பொருளும் பொருந்த வேண்டும் என்பதும் அவர் கருத்து. எனவே வட்டம், சதுரம், முக்கோணம் ஆகிய வடிவங்களில் மணல்தொட்டிகளும், குதித்துத் தாண்டுவதற்கான உருளைக் கற்களும், உலோகக் குழாய்களை வளைத்துச் செய்த வளைவுகளும் கவிகைகளுமே அவருடைய கையிருப்பு. ஒரே கவிகை காலையில் குகையாகவும் மாலையில் மலையாகவும் மாறும். பெரியவர்களுக்கு அது கூடிப் பேசும் இடமாகும்.

இதனை விளக்க உளவியலில் ஒரு கருத்து உண்டு. ஒரு பொருள் ஓர் உயிருக்கு எந்தெந்தச் செயலுக்கு வாய்ப்பளிக்கிறதோ அதனைச் செயல்வாய்ப்பு எனலாம். ஜேம்ஸ் கிப்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர் வகுத்த கருத்து இது. முழங்கால் உயரக் கல் பெரியவருக்கு உட்கார வாய்ப்பளிக்கிறது, மூன்று வயதுக் குழந்தைக்கோ ஏற வாய்ப்பளிக்கிறது. சறுக்குமரத்தில் வாய்ப்பு ஒன்றிரண்டே. உருளைக் கற்களிலும் வெற்றுக் கவிகையிலும் அவை எண்ணிறந்தவை. ஆனால் இதே கருத்தைக் கொண்டு வான் ஐக்கைக் குறைகண்டவர்களும் உண்டு. தாண்டும் கற்களை அவர் ஒரே சீரான இடைவெளியில் நிறுத்துவது வழக்கம். குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய கற்களைத் தாமே விரும்பியபடி அடுக்கும்படி குழந்தைகளிடம் விட்டபோது, அவர்கள் இடைவெளிகளைக் கூட்டியும் குறைத்துமே வைத்தனர். சமச்சீர் வரைபவரின் கண்ணுக்கு இனிது. எட்டுமா எட்டாதா என்று காலால் அளந்து பார்க்கும் பிள்ளைக்கு அது சலிப்பு. மோந்திரியானைக் கற்ற கண்ணும் ஓரிடத்தில் தவறும் என்பதைக் காட்டும் இக்குறை நியாயமானதே.

வேலியில்லாமை இவ்விளையாட்டிடங்களின் மற்றொரு பண்பு. பனி பொழிந்த நாளில் நகரம் முழுவதையும் பிள்ளைகள் தமதாக்கிக்கொள்வதையும், பனி உருகியதும் அவ்வுரிமை பறிபோவதையும் வான் ஐக் எழுத்தில் குறிப்பிட்டு, பனியைவிட நிலையான ஒன்று அவர்களுக்கு வேண்டும் என்றார். நடைபாதை எங்கே முடிகிறது, விளையாட்டிடம் எங்கே தொடங்குகிறது என்று திட்டமாகச் சொல்லமுடியாத அவ்வமைப்பில், உள்ளும் புறமும் அல்லாத இடைவெளிகளே முதன்மை பெற்றன. இக்கருத்தையே அவர் 1960இல் நிறைவுற்ற ஆம்ஸ்டர்டாம் அநாதைக் குழந்தைகள் இல்லத்திலும் விரித்தார். 125 குழந்தைகளுக்கான அவ்வில்லத்தில் வாசல்களும் தாழ்வாரங்களும் வெறும் வழியாக அல்லாமல் நின்று பழகும் இடங்களாயின.

கார்கள் பெருகியதும், நிறுத்துமிடங்களுக்கு மனைகள் தேவைப்பட்டதும், மேலிருந்து விழுந்தால் அடிபடாத தரை வேண்டும் என்னும் பாதுகாப்பு விதிகள் கடுமையானதும், பஞ்சகாலத்துக் காலிமனைகளில் மீண்டும் வீடுகள் எழுந்ததும் இவ்விடங்களை ஒவ்வொன்றாகக் குறைத்தன. கட்டடங்களுக்கு இருக்கும் பாரம்பரியப் பாதுகாப்பு ஒரு மணல்தொட்டிக்கு எளிதில் கிடைப்பதில்லை. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் அமைப்புக் குலையாமல் எஞ்சியவை நூற்றுக்கும் குறைவே. நகரின் வேறிடங்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட ஏறுசட்டங்கள் சில இப்போது ரெம்பிராண்ட் ஓவியங்களைக் காக்கும் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் காட்சிப்பொருள்களாக நிற்கின்றன. உள்ளே எதையும் தொடக்கூடாத அவ்வளாகத்தில், இவற்றின்மீது மட்டும் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருக்கின்றனர்.