தெருவுக்கு முன்னால் தறிக்குழி நனையும்

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரி அது. முழு மட்டம் 24 அடி, கொள்ளளவு 3.645 டிஎம்சி. ஏரியில் எத்தனை அடி நிற்கிறது என்று அளந்து சொல்ல ஆள் இருந்தது. திறந்துவிட்ட தண்ணீர் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் ஏறும் என்பது கரையோர மக்களுக்குத் தெரியாது.

அதற்கு விடை தேடித்தான் 2019-ல் சென்னைக்கு 'சி-ஃப்ளோஸ்' என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு வந்தது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், மும்பை ஐஐடி, சென்னை ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து உருவாக்கியது. மழை, ஆறு, கடல் அலையேற்றம் மூன்றையும் ஒன்றாகக் கணக்கிட்டு, வெள்ளம் எங்கே நிற்கும் என்பதை முப்பரிமாணப் படமாகவே காட்டுகிறது.

இது வேலை செய்யும் விதம் சுவையானது. விமானமோ ட்ரோனோ மேலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பும். அவை பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஒவ்வொரு புள்ளியின் உயரமும் கிடைக்கும். இதுதான் லைடார். காஞ்சிபுரத்தில் கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரமானாலும் சரி, நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்து ஓட்டுக் கூரையானாலும் சரி, கணினிக்கு எல்லாம் புள்ளிகள்தான். அவற்றைச் சேர்த்தால் நகரத்தின் முப்பரிமாண மாதிரி.

அடுத்தது உணர்கருவி. பாலத்துக்கு அடியில் மாட்டிய ரேடார் தண்ணீரின் ஆழத்தை அளப்பதில்லை. தனக்கும் நீர்ப்பரப்புக்கும் உள்ள தூரத்தை அளக்கிறது. கருவி கடல்மட்டத்துக்கு 82 மீட்டர் மேலே இருந்து, தூரம் 2 மீட்டர் என்று வந்தால், நீர்மட்டம் 80 மீட்டர். அதைவிடத் தாழ்வாக உள்ள தெரு எது, அங்கே தண்ணீர் போக வழியுண்டா என்று கணினி தேடும். கருவியை மாட்டியவர் உயரத்தை அரை அடி தப்பாகப் பதிந்திருந்தால் எச்சரிக்கையும் அரை அடி தப்பாகவே போகும். என் கணிப்பில், இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர் வண்ணப் படத்தில் இல்லை, இந்த ஒரு எண்ணில்தான்.

காஞ்சிபுரத்துக்கு இதைக் கொண்டுவந்தால்? வேகவதி ஆற்றையும் மஞ்சள் நீர் கால்வாயையும் விமானம் பார்த்துவிடும். சாலைக்கு அடியில் போகும் குழாய்களையும் அவற்றை அடைத்த குப்பையையும் பார்க்காது. அவற்றை ஆள் இறங்கித்தான் அளக்க வேண்டும்.

வெள்ளத்துக்கு மட்டுமல்ல, கூட்டத்துக்கும் இந்த முப்பரிமாண மாதிரி உதவும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் வைபவம் 48 நாள் நடந்தது. ஜூலை 18 அன்று நெரிசலில் நால்வர் இறந்தனர். தெருவின் அகலம் மாதிரியில் இருக்கிறது. நுழைவாயில் கேமரா தலைகளை எண்ணிச் சொன்னால், எந்த வளைவில் நெருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம்.

ஆனால் நெசவாளர் வீட்டுக் கதை வேறு. நகர மாதிரிகளில் விவர நிலைகள் உண்டு: முதலில் வெறும் பெட்டி, பிறகு கூரை, பிறகு கதவு சன்னல், கடைசியில் வீட்டின் உள்பக்கம். பெரும்பாலான நகரங்கள் கூரையோடு நின்றுவிடுகின்றன. குழித்தறியின் குழி இருப்பதோ தரைக்குக் கீழே. மிதிகளுக்காகத் தோண்டிய குழியில், தெரு காய்ந்து கிடக்கும்போதே ஊற்றுநீர் சுரக்கும். ஈரத்தில் பட்டுப்பாவும் கெடும், நெசவும் நிற்கும். அப்போதும் வரைபடம் அந்தத் தெருவில் வெள்ளமில்லை என்றே சொல்லும்.

இதற்கு லேசர் வேண்டாம். எந்த வீட்டில் தறி ஓடுகிறது என்பது கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தெரியும். குழியின் ஆழத்தை அளக்க நாடா போதும். தெருவுக்கு ஒரு கிணற்றில் நிலத்தடி நீர்மட்டக் கருவியை இறக்கி, அந்த மட்டத்தைக் குழியின் அடிமட்டத்தோடு ஒப்பிட்டால், பட்டுப்பாவை அவிழ்த்து உயரத்தில் கட்டச் சொல்லி முந்தின நாளே நெசவாளரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பலாம்.