தயிர் இல்லாத பச்சடி

இடம்பெயர்ந்த குடும்பங்களில் பல, மாட்டையும் தயிர்ச்சட்டியையும் விட்டுவிட்டே வந்தன. ஆயினும் வெயில் நாளில் உறைப்புக் கறியோடு உண்ணும்போது நாவு குளிர்ச்சியைத் தேடுகிறது. இதற்கென்றே வட இந்தியாவில் ராய்த்தாவும் தமிழ்நாட்டில் தயிர்ப்பச்சடியும் செய்கிறார்கள். தயிர் கிடையாத வீட்டில் அதே பச்சடியைத் தேங்காய்ப்பாலில் ஆக்கலாம்.

தயிரின் புளிப்பைத் தேசிக்காய் தரும். அதன் கொழுப்பைத் தேங்காய்ப்பால் தரும். மிளகாயின் உறைப்பு நீரைவிடக் கொழுப்பிலேயே நன்றாகக் கரைவதால், தேங்காய்ப்பால் நாவெரிவைத் தணிக்கும்.

பாதித் தேங்காயைத் துருவி, கொதித்தாறிய நீர் அரைக் கோப்பை விட்டுக் கட்டிப்பால் பிழியுங்கள். 1 வெள்ளரிக்காய், 4 சின்ன வெங்காயம், 1 பச்சை மிளகாய் ஆகியவற்றை நன்கு கழுவி, சிறிதாக அரிந்து பாலில் சேருங்கள். வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகை தூவுங்கள். உண்ணும் வேளையில் உப்பிட்டு, பாதித் தேசிக்காயைப் பிழியுங்கள். அடுப்பில் வைக்க வேண்டியதில்லை, விறகு மிச்சம். வெள்ளரி இல்லாத காலத்தில் துருவிய கரட்டும் உதவும்.

இரண்டு விடயங்களை மனதில் கொள்வோம். தேங்காய்ப்பால் வெயிலில் சில மணி நேரத்திலேயே பழுதாகும். ஆகவே ஒரு வேளைக்கு அளவாகவே செய்ய வேண்டும். மற்றது, இப்பச்சடி சுவையில் தயிருக்கு ஈடாகலாம், சத்தில் ஈடாகாது. தேங்காய்ப்பாலில் புரதமும் கல்சியமும் மிகக் குறைவு. வளரும் பிள்ளைகளின் கோப்பையில் பயறு, முருங்கையிலை, முள்ளோடு உண்ணும் நெத்தலி என்பவற்றையும் சேர்த்து வைப்போம். மாடு மீண்டும் முற்றத்துக்கு வரும்வரை பிள்ளைகளின் எலும்பு காத்திருக்காது.